ரோமானியச் செப்புக்காசைப் படிப்பது எப்படி? எடையிலிருந்து எழுத்து வரை ஒரு முழு வழிகாட்டி

ரோமானியக் காசு என்றதும் நமக்குத் தங்கமும் வெள்ளியும்தான் நினைவுக்கு வரும். 1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 தங்கக் காசுகள், கோவை வட்டாரத்தில் பானையோடு கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள், இவை பாடப்புத்தகத்திலேயே வந்துவிட்டன. நான் சொல்லப்போவது அவற்றைப் பற்றி அல்ல. சட்டைப் பொத்தான் அளவில், கறுத்துப்போய், பாதி தேய்ந்து, பழைய காசு விற்பவரின் டப்பா அடியில் கிடக்குமே, அந்தச் செப்புக்காசைப் பற்றி.

ரோமில் சாதாரண மனிதன் தினமும் கையாண்ட பணம் அதுதான். பொதுக் குளியல் சாலைக்குள் நுழைய ஒரு குவாட்ரன்ஸ், அதாவது இருப்பதிலேயே சின்னச் செப்புக்காசு ஒன்று போதும். கி.பி. 14இல் ரோமின் வடக்கு மாகாணமான பன்னோனியாவின் எல்லையில் படைவீரர்கள் கலகம் செய்தபோது, எங்கள் உடலுக்கும் உயிருக்கும் நாளொன்றுக்குப் பத்து ஆஸ்தானா விலை என்று கேட்டதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆஸ் ஒரு செப்புக்காசு. தங்கக் காசு அரசனின் பெருமையைச் சொல்லும், செப்புக்காசு அந்தப் படைவீரனின் கையைச் சொல்லும், எனக்குப் பின்னதுதான் பிடித்திருக்கிறது.

புதிதாகச் சேகரிப்பவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். காசை எடுத்ததும் தலைப்பக்கத்தைப் பார்த்து, இது எந்த ராஜா என்று தேடத் தொடங்குவார்கள். முகம் தேய்ந்திருக்கும், எழுத்து பாதி இருக்காது, அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். பெயரைக் கடைசிக்கு வையுங்கள். எடை, விட்டம், உலோகம், தலையில் என்ன சூடியிருக்கிறது, பின்பக்கத்தில் என்ன படம், அடியில் என்ன எழுத்து என்று இந்த வரிசையில் போனால், பெயரே தெரியாத காசுக்குக்கூடப் பல நேரம் இருபது ஆண்டு வித்தியாசத்துக்குள் காலம் சொல்லிவிடலாம்.

படி 1: தேய்க்காதீர்கள்

புளி வேண்டாம். எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கும் தூள், கம்பி நார், வினிகர் எதுவும் வேண்டாம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கை நம்முடையது, பச்சையாக எதைப் பார்த்தாலும் அழுக்கு என்றுதான் தோன்றும். ஆனால் பழைய காசின் மேல் இருக்கும் அந்தப் பச்சை அல்லது கரும்பழுப்புப் படலம் அழுக்கு அல்ல. செம்பின் மேல்தோல் பல நூறு ஆண்டுகளாக மண்ணோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து மாறிய நிலை அது. எழுத்தும் உருவமும் பெரும்பாலும் அந்தப் படலத்திலேயேதான் நிற்கின்றன, அடியில் இருக்கும் உலோகத்தில் அல்ல. படலத்தை உரித்தால் எழுத்தும் சேர்ந்து போகும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் வாங்கிய காசை இரவு முழுக்கப் புளித்தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் செக்கச்செவேல் என்று ஒரு செப்பு வட்டு இருந்தது, முந்தைய நாள் கண்ணுக்குத் தெரிந்த ஐந்தாறு எழுத்துகளில் ஒன்றுகூட இல்லை. இன்றும் அதைத் தனி உறையில் வைத்திருக்கிறேன்.

சரி, மண் அப்பியிருந்தால் என்ன செய்வது? காய்ச்சி வடித்த தண்ணீர், மருந்துக் கடையிலோ பேட்டரி கடையிலோ கிடைக்கும், அதில் ஊறப்போடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், வாரக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை. நடுநடுவே குழந்தைகளுக்கான மென்மையான பல் தூரிகையால் லேசாகத் தடவி, மூங்கில் பல்குச்சியை ஈரப்படுத்தி எழுத்துகளுக்கு இடையில் இருக்கும் மண்ணை மட்டும் நெம்பி எடுங்கள். ஆலிவ் எண்ணெயில் ஊறவைக்கும் பழக்கம் ஒன்று உண்டு, அந்த எண்ணெயிலும் அமிலம் இருக்கிறது, தேவையில்லை. மின்சாரம் பாய்ச்சிச் சுத்தம் செய்யும் முறையைக் காணொளியில் பார்த்துவிட்டு வீட்டில் செய்வது காசைக் கொல்வதற்குச் சமம்.

ஒரே ஒரு பச்சையைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டும். வெளிர்பச்சை நிறத்தில், மாவு போல, தொட்டால் கையில் ஒட்டுகிற பொடி. வெண்கல நோய் என்று இதற்குப் பெயர். உலோகத்துக்குள் இருக்கும் குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உள்ளிருந்தே காசைத் தின்றுகொண்டே போகும். அப்படி ஒரு காசு இருந்தால் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்புக் கவலை. இதற்கான ரசாயன மருத்துவத்தை அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் செய்வார்கள், அதில் சில பொருள்கள் நச்சு, வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.

படி 2: எடை, விட்டம், நிறம்

0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று, வெர்னியர் அளவி ஒன்று. இந்த இரண்டும் இல்லாமல் இந்தப் பொழுதுபோக்கில் இறங்க வேண்டாம்.

பேரரசர்கள் வருவதற்கு முந்தைய, மிகப் பழைய குடியரசுக் காலக் காசுகள் உங்கள் கைக்கு வரும் வாய்ப்பு குறைவு, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் எடைபோட்டுக் கொடுத்த வெண்கலக் கட்டிகள், அப்புறம் வார்ப்புப் பாளங்கள், அதற்கடுத்து கி.மு. 280 வாக்கில் ஒரு ரோமானியப் பவுண்டு, அதாவது ஏறக்குறைய 324 கிராம் எடையில் வார்த்த ஆஸ். ஒரே ஒரு காசு கால் கிலோவுக்கு மேல்! கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலோடு நடந்த போரில் பணம் கரைந்து எடையும் கரைந்தது. கி.மு. 211 வாக்கில் டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு வந்தபோது ஆஸின் எடை ஆறில் ஒரு பங்காகிவிட்டது. அந்தக் காலத்து ஆஸில் முன்பக்கம் இரண்டு முகம் கொண்ட கடவுள் ஜேனஸ், பின்பக்கம் கப்பலின் முகப்பு. நாம் பூவா தலையா போடுகிற மாதிரி ரோமானியச் சிறுவர்கள் தலையா கப்பலா என்று காசைச் சுண்டியிருக்கிறார்கள்.

உண்மையான கணக்கு அகஸ்டஸிலிருந்து தொடங்குகிறது. கி.மு. 23 வாக்கில் அவர் செப்புக்காசு முறையைத் திருத்தி அமைத்தார். ஒரு தங்க ஆரியஸ் 25 டெனாரியஸ், ஒரு டெனாரியஸ் 4 செஸ்டர்டியஸ், ஒரு செஸ்டர்டியஸ் 2 டுபாண்டியஸ், ஒரு டுபாண்டியஸ் 2 ஆஸ், ஒரு ஆஸ் 4 குவாட்ரன்ஸ். இந்தியாவோடு நடக்கும் வாணிகத்தால் ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்டியஸ் கரைகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியது இந்த அலகில்தான், ஆனால் இங்கே வந்து சேர்ந்தது தங்கமாகவும் வெள்ளியாகவும்.

செஸ்டர்டியஸ் என்றால் 32 முதல் 35 மில்லிமீட்டர் விட்டம், 25 கிராம் அளவு எடை. கையில் வைத்ததுமே தெரிந்துவிடும், அவ்வளவு கனம். குழப்பம் வருவது டுபாண்டியஸிலும் ஆஸிலும். இரண்டும் நம் பத்து ரூபாய் நாணயம் போல 27 மில்லிமீட்டர் விட்டத்தில் வரும், ஆனால் பத்து ரூபாய் 7.71 கிராம்தான், டுபாண்டியஸ் 12, 13 கிராமும் ஆஸ் 11 கிராமும் இருக்கும். ஒன்றின் மதிப்பு மற்றதைப் போல இரண்டு மடங்கு, அளவோ ஏறக்குறைய ஒன்று. காரணம் உலோகம். ஆஸ் செம்பு. டுபாண்டியஸும் செஸ்டர்டியஸும் ஓரிகால்கம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் துத்தநாகம் கலந்த பித்தளை, புதிதாக இருக்கும்போது பொன் போல மின்னியிருக்கும். ஓரத்தில் எங்காவது தேய்ந்து உலோகம் தெரிந்தால் உருப்பெருக்கியில் பாருங்கள், மஞ்சளா சிவப்பா என்பதை வைத்தே பாதி விடை வந்துவிடும். அதற்காகச் சுரண்டிப் பார்க்காதீர்கள்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து உங்களிடம் வந்த காசு என்றால் மேலே சொன்ன பெரிய காசுகளில் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அது 4ஆம், 5ஆம் நூற்றாண்டின் சின்னக் காசாகத்தான் இருக்கும். அந்தக் காலத்துக் காசுகளுக்கு உண்மையில் என்ன பெயர் வழங்கியது என்பதில் சிக்கல் இருப்பதால், நாணயவியலாளர்கள் விட்டத்தை வைத்தே பெயர் கொடுத்திருக்கிறார்கள், ஏஈ என்பது செம்பு, வெண்கலக் காசுகளுக்கான குறி. 25 மில்லிமீட்டருக்கு மேல் ஏஈ 1, 21 முதல் 25 வரை ஏஈ 2, 17 முதல் 21 வரை ஏஈ 3, 17க்குக் கீழே ஏஈ 4. நம் பக்கம் கிடைப்பவை பெரும்பாலும் ஏஈ 3, ஏஈ 4. இவற்றின் மதிப்பு எவ்வளவு சின்னது என்றால், 445இல் மேற்குப் பேரரசர் மூன்றாம் வாலென்டினியன் போட்ட சட்டப்படி ஒரு தங்க சாலிடஸுக்கு 7,000க்கும் மேற்பட்ட நம்மஸ். அந்த நம்மஸ்தான் உங்கள் கையில் இருக்கும் பொத்தான்.

படி 3: தலையில் என்ன சூடியிருக்கிறது, முகத்தில் தாடி உண்டா

இன்னும் பெயருக்கு வரவில்லை. தலைப்பக்கத்தில் மூன்று விஷயம் மட்டும் பாருங்கள்.

முடியில் சூரியக் கதிர் போல முட்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது கதிர்முடி. நீரோ காலத்திலிருந்து டுபாண்டியஸை ஆஸிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாக இது பயன்பட்டது. ஆனால் கதிர்முடியோடு காசு சின்னதாக, 20 மில்லிமீட்டர் அளவில், 3 கிராம் சுமாரில் இருந்தால் அது டுபாண்டியஸ் அல்ல, 3ஆம் நூற்றாண்டின் அன்டோனினியானஸ். பேரரசர் கரகல்லா 215இல் வெள்ளிக் காசாக வெளியிட்டது இது, போரும் பணத்தட்டுப்பாடும் சேர்ந்து வெள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்து, 270 வாக்கில் மேலே வெள்ளிப் பூச்சு மட்டும் உள்ள செப்புக்காசாகிவிட்டது. ஔரேலியன் 274 வாக்கில் அதைச் சீர்திருத்தினார், அவருடைய காசில் பின்பக்கம் அடியில் எக்ஸ் எக்ஸ் ஐ என்று இருக்கும். இலை மாலை சூடியிருந்தால் முற்காலம் முதல் 4ஆம் நூற்றாண்டுப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் நடுக்காலம் வரை எதுவும் ஆகலாம். முத்துக் கோத்த பட்டம் கட்டி, பின்னால் நாடா தொங்கினால் 324க்குப் பிந்தையது என்று நிம்மதியாக எழுதிவிடலாம்.

தாடி இதைவிட நல்ல துப்பு. முழுத் தாடி வைத்துக்கொண்ட முதல் பேரரசர் ஹேட்ரியன், 117இல் பதவிக்கு வந்தவர். ஆகவே பெரிய காசில் நல்ல தாடி தெரிந்தால் 117க்குப் பிறகு. கான்ஸ்டன்டைன் காலத்திலிருந்து மறுபடி மழித்த முகம்தான் வழக்கம், 4ஆம் நூற்றாண்டில் தாடியோடு கூர்ந்து பார்க்கும் முகம் என்றால் முதலில் பேரரசர் ஜூலியனை நினையுங்கள், 361 முதல் 363 வரை.

படி 4: பின்பக்கம்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். முகங்கள் எல்லாம் ஒன்று போல இருக்கும், பின்பக்கப் படங்கள் அப்படி அல்ல. ஒரு படம் சில ஆண்டுகள் மட்டும் அச்சடிக்கப்படும், அப்புறம் வேறு படம் வரும். காசு அச்சடிக்கும் பல அக்கசாலைகள் ஒரே நேரத்தில் ஒரே படத்தை அச்சடித்ததால், எழுத்து முழுக்கப் போய் உருவத்தின் கோட்டுருவம் மட்டும் தெரிந்தால்கூடக் காலம் வந்துவிடும்.

பெரிய காசில் பின்பக்கம் எஸ், சி என்று இரண்டு பெரிய எழுத்துகள் இருந்தால் முதல் மூன்று நூற்றாண்டுகள். செனட்டின் ஆணைப்படி என்பதன் சுருக்கம் அது. அந்தக் காலத்துக் காசில் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, படத்தை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. எழுத்து கிரேக்கமாக இருந்தால் கிழக்கு மாகாண நகரங்களில் ஒன்று வெளியிட்டது, அதற்குத் தனிப் பட்டியல் உண்டு.

பத்து கிராம் அளவில், பெரிதாக, பின்பக்கம் ஒரு கையில் கிண்ணமும் மறுகையில் வளக்கொம்பும் பிடித்து நிற்கும் உருவம் என்றால் டயோக்லீஷியன் 294 வாக்கில் கொண்டுவந்த நம்மஸ். ரோமானிய மக்களின் காவல் ஆவி அந்த உருவம். எடை சரசரவென்று சரிந்து, 313க்குள் மூன்றரை கிராமுக்கு வந்துவிட்டது. அந்த எடையில், தலையைச் சுற்றிக் கதிரோடு, வலது கையை உயர்த்தி, இடது கையில் உருண்டையோடு நிற்பவன் சூரியக் கடவுள் சோல். கான்ஸ்டன்டைன் கிறித்துவத்தை ஆதரிக்கத் தொடங்கிய பிறகும் சில ஆண்டுகள் சோல் அவர் காசில் நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம்.

அதற்கப்புறம் வருவதைக் கண்ணில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கடுக்காகக் கல் வைத்த கோட்டை வாசல், மேலே இரண்டு சின்னக் கோபுரம்: 324 முதல் 330 வரை. இரண்டு வீரர்கள், நடுவில் இரண்டு கொடிக்கம்பம்: 330 முதல் 335 வரை. அதே இரண்டு வீரர்கள், நடுவில் ஒரே கொடிக்கம்பம்: 335 முதல் 341 வரை. பாருங்கள், கம்பத்தை எண்ணினாலே பத்து ஆண்டைப் பிரித்துவிடலாம், காசின் எடை குறைந்தபோது இடம் போதாமல் ஒரு கம்பத்தை எடுத்துவிட்டார்கள் போலத் தெரிகிறது. அதே 330களில் ஓநாய் இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் படம், தலைப்பக்கத்தில் தலைக்கவசம் அணிந்த பெண்: இது ரோம் நகருக்கானது, அரசன் பெயரைத் தேடாதீர்கள், இருக்காது. கப்பல் முகப்பில் சிறகோடு நிற்கும் வெற்றித் தேவதை என்றால் புதுத் தலைநகரமான கான்ஸ்டான்டிநோபிளுக்கானது. ரோம் பின்னோக்கிப் பழங்கதையைக் காட்டுகிறது, புதிய நகரம் கடலைக் காட்டுகிறது.

இரண்டு வெற்றித் தேவதைகள் எதிரெதிராக மாலை பிடித்து நின்றால் 347, 348. அடுத்து 348இல் வருவது ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ, நல்ல காலம் திரும்பியது என்ற பொருளில். ரோம் பிறந்து 1,100 ஆண்டு ஆனதை ஒட்டி வந்த வரிசை. இதில் ஃபீனிக்ஸ் பறவை, கப்பல், குடிசை என்று பல படங்கள் உண்டு, ஆனால் நீங்கள் அதிகம் காணப்போவது குதிரையிலிருந்து சரிந்து விழும் எதிரியை ரோமானிய வீரன் ஈட்டியால் குத்தும் படம். 4ஆம் நூற்றாண்டில் மிகமிக அதிகமாக அச்சடிக்கப்பட்ட படங்களில் அது ஒன்று, அதைப் பார்த்து அடித்த நகல்களும் ஏராளம். தேய்ந்த காசில் ஒரு முக்கோணக் குழப்பமாகத்தான் தெரியும்: நிற்கும் ஒரு கோடு, சாய்ந்த ஒரு கோடு, கீழே குதிரையின் வளைவு. ஒருமுறை நல்ல காசில் பார்த்துவிட்டால் அப்புறம் கண் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

364க்குப் பிறகு வாலென்டினியன், வாலென்ஸ் சகோதரர்கள். அவர்களிடம் இரண்டே படம்தான் பெரும்பாலும்: கைதியின் தலைமயிரைப் பிடித்து இழுத்துச் செல்லும் பேரரசர், அல்லது மாலை ஏந்தி இடப்பக்கம் நடக்கும் வெற்றித் தேவதை. 378 முதல் 383 வரை மண்டியிட்ட பெண்ணை அரசர் கைகொடுத்துத் தூக்கும் ஏஈ 2 காசு வரும், 378இல் அட்ரியநோபிளில் கோத்துகளிடம் தோற்ற பிறகு அரசைத் தூக்கி நிறுத்துகிறோம் என்ற செய்தியோடு.

இனி நம் ஊருக்கு. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும் மதுரைப் பகுதியிலும் கிடைத்த சின்னக் காசுகளை 1990களில் இரா. கிருஷ்ணமூர்த்தி விரிவாக ஆராய்ந்து பதிவு செய்தார். அழகன்குளம் அகழாய்விலும் இந்தக் காலத்துக் காசுகள் வந்திருக்கின்றன. இலங்கையில் கிடைத்திருப்பதோ இன்னும் பல மடங்கு. இவற்றில் அடிக்கடி வரும் படங்கள்: தோளில் வெற்றிச் சின்னத்தைச் சுமந்து கைதியை இழுத்துப் போகும் வெற்றித் தேவதை, 388 முதல் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. அரசருக்கு வெற்றித் தேவதை முடிசூட்டுவது, 395 முதல் 401 வரை. மூன்று அரசர்கள் வரிசையாக நிற்பது, 402 முதல் 408 வரை. இரண்டு அரசர்கள், 408 முதல் 423 வரை. மாலைக்குள் சிலுவை, அதற்கடுத்த சில ஆண்டுகள். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணத் தெரிந்தால் போதும், 408இல் கிழக்குப் பேரரசர் ஆர்க்காடியஸ் இறந்ததும் காசிலும் ஒருவர் குறைந்துவிட்டார்.

ஒரு எச்சரிக்கை: இலங்கையில் இந்தக் காசுகளைப் பார்த்து உள்ளூரிலேயே நகல் அடித்திருக்கிறார்கள். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும், உருவம் குச்சி மனிதன் போல இருக்கும். இவை இன்றைய போலிகள் அல்ல, அந்தக் காலத்திலேயே புழங்கிய காசுகள், வரலாற்று மதிப்பில் அசலுக்கு எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. எழுத்து படிக்க முடியவில்லை என்று தூக்கி ஓரம் வைத்துவிடாதீர்கள்.

படி 5: அடிக்கோட்டுக்குக் கீழே

பின்பக்கப் படத்தின் காலடியில் ஒரு கோடு, அதற்குக் கீழே மூன்று நான்கு எழுத்து. அக்கசாலையின் பெயர் அது. 3ஆம் நூற்றாண்டில் மெல்லத் தொடங்கி, டயோக்லீஷியனுக்குப் பிறகு எல்லாக் காசிலும் வழக்கமாகிவிட்டது. ஏ என் அல்லது ஏ என் டி என்றால் அந்தியோக்கியா, ஏ எல் ஈ என்றால் அலெக்சாண்டிரியா, சி ஓ என் எஸ் என்றால் கான்ஸ்டான்டிநோபிள், எஸ் ஐ எஸ் என்றால் சிசியா, டி ஆர் என்றால் டிரியர், ஏ க்யூ என்றால் அக்விலேயா. முன்னால் வரும் எஸ் எம் என்பது அரசின் புனிதப் பணம் என்பதன் சுருக்கம், ஊர்ப் பெயரோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: எஸ் எம் கே என்றால் சிசிகஸ், எஸ் எம் என் என்றால் நிக்கோமீடியா, எஸ் எம் எச் என்றால் ஹெராக்ளியா. கூடவே இன்னொரு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும், அது பட்டறை எண். மேற்கே பெரும்பாலும் பி, எஸ், டி, க்யூ என்று லத்தீனில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கிழக்கே ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கிரேக்கத்தில்.

இந்தச் சின்ன எழுத்துகள்தான் முதலில் தேய்பவை. காசின் வட்டு சிறிதாகவும் அச்சு பெரிதாகவும் இருந்தால் அந்தப் பகுதி காசிலேயே விழுந்திருக்காது. அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைக் காசின் பக்கவாட்டில் தரையோடு ஒட்டினாற்போல வைத்து, காசை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் வெறுமையாக இருந்த இடத்தில் நிழலாக எழுத்து எழும்பும். இதை விடச் சிறந்த கருவி எதையும் நான் பயன்படுத்தியதில்லை.

படி 6: இப்போது பெயர்

லத்தீனில் யூ எழுத்து கிடையாது, வி தான். சொற்களுக்கு இடையில் இடைவெளி பெரும்பாலும் இருக்காது. ஐ எம் பி என்றால் தளபதிப் பட்டம், ஏ வி ஜி என்றால் அகஸ்டஸ் அதாவது பேரரசர், என் ஓ பி சி என்றால் இளவரசர் நிலையில் இருக்கும் சீசர். காசு டி என் என்று தொடங்கினால், நம் தலைவர் என்று பொருள், பெரும்பாலும் 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தையது.

முற்காலப் பெரிய காசுகளில் பட்டங்களே நாட்காட்டி. சி ஓ எஸ் என்பதற்குப் பின்னால் வரும் எண், எத்தனை முறை கன்சல் என்ற ரோமின் உயர் பதவியை வகித்தார் என்பது. டிராஜன் காசில் சி ஓ எஸ் ஐந்து என்றால் 103 முதல் 111 வரை, ஆறு என்றால் 112க்குப் பிறகு. ஹேட்ரியன் மூன்றாம் முறைக்குப் பிறகு கன்சல் ஆகவே இல்லை, ஆகவே அவர் காசில் சி ஓ எஸ் மூன்று என்பது 119 முதல் 138 வரை எதுவும் ஆகலாம், அங்கே இந்தத் துப்பு கைவிட்டுவிடும்.

எல்லாரையும் படுத்தி எடுப்பது கான்ஸ்டன்டைன் குடும்பம். அப்பா கான்ஸ்டன்டைன், மகன்கள் இரண்டாம் கான்ஸ்டன்டைன், இரண்டாம் கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ். நான்கு பெயருக்கும் முதல் ஏழு எழுத்து ஒன்றே. அதனால் பெயரின் வாலைப் படியுங்கள்: ஐ என் வி எஸ் என்று முடிந்தால் கான்ஸ்டன்டைன், நடுவில் என் இல்லாமல் ஐ வி எஸ் என்று முடிந்தால் கான்ஸ்டன்டியஸ், ஏ என் எஸ் என்றால் கான்ஸ்டன்ஸ். அப்பாவா மகனா என்பதற்கு, எம் ஏ எக்ஸ் என்ற பட்டம் இருந்தால் அப்பா, ஐ வி என் என்று இருந்தால் இளையவர்.

படி 7: அசலா

ரோமானியக் காசு பெரும்பாலும் அச்சில் அடித்தது. சுத்தியல் அடியில் உலோகம் பிதுங்கி விரிந்ததால் ஓரத்தில் சின்ன வெடிப்பு, எழுத்துகள் வெளிப்பக்கமாக இழுபட்ட தடம் இருக்கும். வார்ப்புப் போலியில் எழுத்தின் விளிம்பு சோப்பில் செய்தது போல மழுங்கியிருக்கும், தரையில் குமிழிக் குழிகள் தெரியும், ஓரத்தைச் சுற்றி இரண்டு பாதியும் சேர்ந்த கோடு அல்லது அதை அராவிய தடம் இருக்கும். ஒரே மாதிரிக் குறை, ஒரே மாதிரித் தேய்மானம், ஒரே வடிவ ஓரத்தோடு இரண்டு காசுகளைப் பார்த்தால் இரண்டையும் நம்பாதீர்கள். பெரிய செஸ்டர்டியஸ்களுக்குப் போலி செய்வது புதிதல்ல, 16ஆம் நூற்றாண்டிலேயே பதுவா நகரத்து ஜொவான்னி ட கவினோ அவ்வளவு அழகாக நகல்கள் செய்திருக்கிறார், அவை இன்று தனியாகச் சேகரிக்கப்படுகின்றன. தேய்ந்த ஏஈ 4க்குப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவது அரிது, தொடங்குபவர்களுக்கு அதனாலேயே அவற்றைச் சொல்கிறேன்.

படி 8: எங்கே கிடைத்தது என்பது காசின் பாதி

மண்ணிலிருந்து நீங்களே எடுத்தது என்றால் அது உங்களுடையது அல்ல. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சட்டத்தை விடுங்கள், எந்த இடத்தில், எந்த ஆழத்தில், கூட என்ன கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அது தன் பாதிக் கதையை இழந்துவிடுகிறது. ஆற்றங்கரையில் கூடை கூடையாகச் சலித்து எடுத்து எடைக்கு விற்கப்படும் காசுகளைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. வாங்கும்போது எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று கேளுங்கள், சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள், விற்பவர் சொன்னது என்ற குறிப்போடு.

கண் பழக, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள், தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானியக் காசுகளின் பெரிய தொகுப்பு அங்கே இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இணையத்தில் ஓ.சி.ஆர்.ஈ என்ற இலவசத் தரவுத்தளம், அமெரிக்க நாணயவியல் கழகம் நடத்துவது. பேரரசர், அக்கசாலை, பின்பக்க எழுத்து என்று தேடலாம், படங்களும் இருக்கின்றன.

ஒரு காசு, முழுக்க

மேசையில் இருக்கும் ஒன்றை எடுத்து வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். எடை 1.08 கிராம், விட்டம் 13 மில்லிமீட்டர், ஆக ஏஈ 4. கரும்பழுப்புப் படலம், வெளிர்பச்சைப் பொடி இல்லை. தலையில் முத்துப் பட்டம், நாடா தெரிகிறது, 324க்குப் பிறகு. மழித்த முகம். பின்பக்கம் சிறகுள்ள உருவம் இடப்பக்கம் நடக்கிறது, தோளில் ஏதோ கம்பு, பின்னால் தரையில் சின்ன உருவம் ஒன்று இழுபடுகிறது. இடப்பக்க வெளியில் எக்ஸ் குறுக்கே ஒரு நேர்கோடு, கிறிஸ்துவின் பெயர்ச் சின்னம். அப்போது 388க்கு முன்னால் போகாது. அடிக்கோட்டுக்குக் கீழே சாய்ந்த வெளிச்சத்தில் ஏ, என் இரண்டும் வருகின்றன, மூன்றாவது விளிம்புக்கு வெளியே போய்விட்டது, அந்தியோக்கியா. தலைப்பக்கம் வலது ஓரத்தில் ஐ வி எஸ், பி எஃப், ஏ வி ஜி. பி எஃப் என்பது பக்தியும் நற்பேறும் உடையவர் என்ற பட்டம். என் வி எஸ் என்று முடியாததால், அப்போது உடன் ஆண்ட இரண்டாம் வாலென்டினியன் இல்லை. ஐ-க்கு முந்தைய எழுத்து எஸ் என்றால் பேரரசர் தியோடோசியஸ், டி என்றால் அவர் மகன் ஆர்க்காடியஸ், ஆர் என்றால் இன்னொரு மகன் ஹொனோரியஸ். அந்த எழுத்து இருக்க வேண்டிய இடம் மழமழவென்று இருக்கிறது. நான்கு நாள் நான்கு விதமான வெளிச்சத்தில் பார்த்துவிட்டேன்.

உறையில் இப்படி எழுதியிருக்கிறேன்: தியோடோசியஸ் அல்லது அவர் மகன்களில் ஒருவர், அந்தியோக்கியா, 388க்குப் பின், ஏஈ 4, 1.08 கிராம், 13 மில்லிமீட்டர், கரூர்ப் பக்கம் என்று விற்றவர் சொன்னது. பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி, பென்சிலில்.